பைபிளின் பின்னணி: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனைக்குப் பின் நடக்கும் எங்கள் வேதபாட வகுப்பில் சில சந்தேகங்கள் வருஷா வருஷம் திரும்பி வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பெயர்களும் வசனங்களும் பெரும்பாலும் சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பின்படி. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். இடையில் எங்கே குதித்து வாசித்தாலும் சரி, இரண்டாவது பதிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற பதில்கள் அதன்மேல்தான் நிற்கின்றன.

பைபிளை அப்படியே வாசித்தால் புரியாதா? பின்னணி, சரித்திரம் எல்லாம் எதுக்கு?

பெரும்பகுதி புரியும். மன்னியுங்கள், பொய் சொல்லாதீர்கள், ஏழைக்குக் கொடுங்கள் என்பதற்கெல்லாம் அகழாய்வு அறிக்கை வேண்டாம். ஆனால் எழுதியவர்கள் தங்கள் காலத்து ஆட்களை மனதில் வைத்து எழுதினார்கள். ஒரு நாள் கூலி எவ்வளவு, வரி எங்கே போகிறது, எந்தச் சனத்துக்கும் எந்தச் சனத்துக்கும் ஆகாது என்பதெல்லாம் கேட்பவர்களுக்குத் தெரிந்ததுதானே என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்த விட்டுப்போன பாதிதான் நமக்கு வேண்டியது.

மத்தேயு 18-ல் ஓர் ஊழியக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். அவனுடைய உடன் ஊழியன் அவனுக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டும். வெள்ளிப்பணம் என்பது ரோமர்களின் தெனாரியம். திராட்சத்தோட்ட உவமையில் (மத்தேயு 20) அதுதான் ஒரு நாள் கூலி. ஆக, நூறு என்பது மூன்று நான்கு மாத உழைப்பு. கஷ்டம்தான், ஆனால் அடைத்துவிடலாம். தாலந்து ஒன்றுக்கு 6,000 தெனாரியம். பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இயேசுவின் காலத்தில் கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயா, பெரேயா இரண்டிலிருந்தும் சேர்த்து வருஷத்துக்கு 200 தாலந்து வருமானம் என்று அந்த நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். அப்படியானால் ஒரே ஊழியக்காரனின் கடன் இரண்டு பிரதேசங்களின் 50 வருஷ வரி! "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன்" என்று அவன் சொல்லும் இடத்தில் அந்த வரியைக் கட்டிக்கொண்டிருந்த ஜனங்கள் சிரித்திருப்பார்கள். நாம் அங்கே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாசிக்கிறோம்.

சரி, இதெல்லாம் எங்கிருந்து தெரிகிறது? யாரோ சொல்வதை எப்படி நம்புவது?

முக்கியமாக மூன்று நான்கு வழிகள். ஒன்று, மண்ணைத் தோண்டியது: கப்பர்நகூமின் வீட்டுச் சுவர்கள், 1961-ல் செசரியாவில் கிடைத்த பிலாத்துவின் பெயர் பொறித்த கல் இப்படி. இரண்டாவது, அந்தக் காலத்தவர் எழுதியது: முதல் நூற்றாண்டு யூதரான யோசேபஸ், ரோமரான தாசிட்டஸ் போன்றவர்கள். மூன்றாவது, யூதர்களின் சொந்த நூல்கள்: 1947 முதல் கண்டெடுக்கப்பட்ட சவக்கடல் சுருள்கள், கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட, யூதச் சட்ட மரபுகளின் தொகுப்பான மிஷ்னா. பழைய ஏற்பாட்டுக்குப் பாபிலோனின் களிமண் பலகைகள், சிரியக் கடற்கரையில் 1928-ல் தெரியவந்த உகாரித் நகரத்தின் பலகைகள்.

யாராவது "அந்தக் காலத்தில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது" என்று ஆரம்பித்தால் நான் மூன்று கேள்வி கேட்பேன். எதில் எழுதியிருக்கிறது? அது எந்தக் காலத்து எழுத்து? அது எந்த ஊரைப் பற்றியது? மூன்றுக்கும் பதில் இருந்தால் உட்கார்ந்து கேட்கலாம். பதில் இல்லையென்றால் அது கேட்க இனிமையான கதை, அவ்வளவுதான். இதில் மிஷ்னாவை எடுத்தாலே கொஞ்சம் கவனம் வேண்டும். இயேசுவின் காலத்துக்குப் பின் 170 வருஷம் கழித்துத் தொகுத்தது. பழைய வழக்கங்கள் அதில் நிறைய உண்டு, ஆனால் எல்லாமே பழையது என்று சொல்ல முடியாது.

இயேசு இருந்த வீட்டின் கூரையைப் பிரித்து நோயாளியை இறக்கினார்களே (மாற்கு 2), வீட்டுக்காரர் சும்மா விட்டாரா?

வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று மாற்கு எழுதவில்லை! ஆனால் கான்கிரீட் தளத்தைக் கற்பனை செய்யாதீர்கள். கப்பர்நகூமில் வீடுகள் கருங்கல்லால், சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டியவை. மேலே மரக்கட்டை, அதன்மேல் நாணலும் சுள்ளியும், அதற்கும் மேலே மண் பூச்சு. மழைக்காலத்துக்கு முன் அதைச் சரிசெய்வது வழக்கமான வேலை. வெளிப்புறப் படி வழியாக மேலே ஏறலாம். நாலு பேர் கையால் தோண்டித் திறக்கக்கூடிய கூரைதான். கீழே நின்றவர்கள் தலையெல்லாம் மண்ணாகியிருக்கும்.

கடைசி இராப்போஜனப் படத்தில் எல்லோரும் ஒரே பக்கமாக உட்கார்ந்திருக்கிறார்களே, அது உண்மையா?

அது லியொனார்டோ டாவின்சி 15-ம் நூற்றாண்டு இத்தாலியில் வரைந்த மேஜை. அந்தக் காலத்து விருந்தில் தாழ்வான மெத்தைகளில் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டு, வலது கையால் சாப்பிட்டார்கள். கால்கள் பின்பக்கம் நீண்டிருக்கும். பஸ்கா இரவில் பரம ஏழையும் சாய்ந்துகொண்டுதான் சாப்பிடவேண்டும் என்று மிஷ்னா சொல்கிறது. நம் பைபிளில் "பந்தியிருந்தார்" என்று வாசித்ததும் நமக்கு வாழையிலை ஞாபகம் வந்துவிடுகிறது. அதையும் கொஞ்சம் தள்ளி வைக்கவேண்டும்.

இப்படிப் பார்த்தால் இரண்டு இடங்கள் தானாகப் புரிந்துவிடும். யோவான் 13-ல் ஒரு சீஷன் இயேசுவின் மார்பிலே சாய்ந்துகொண்டு கேள்வி கேட்பது, பக்கத்து இடத்தில் சாய்ந்திருப்பவர் தலையைப் பின்னால் நகர்த்துவதுதான். லூக்கா 7-ல் ஒரு பெண் இயேசுவுக்குப் பின்னால் நின்று அவர் பாதங்களைக் கண்ணீரால் நனைக்கிறாள். மேஜைக்கு அடியில் குனிய வேண்டியதில்லை. பாதங்கள் அவள் நின்ற பக்கம்தான் இருந்தன.

"மறு கன்னத்தையும் காட்டு" என்றால் அடி வாங்கிக்கொண்டே இரு என்றா அர்த்தம்?

மத்தேயு குறிப்பாக "வலது கன்னத்தில்" என்கிறார். வலதுகைக்காரன் எதிரே நிற்பவனை வலது கன்னத்தில் அறையவேண்டுமென்றால் புறங்கையால்தான் முடியும். மிஷ்னாவில் இதற்கு அபராதக் கணக்கே இருக்கிறது: கன்னத்தில் அறைந்தால் 200 வெள்ளிக்காசு, புறங்கையால் அறைந்தால் 400. வலி குறைவு, அபராதம் இரண்டு மடங்கு, காரணம் அவமானம். ஆக, இங்கே பேச்சு ஆளைச் சிறுமைப்படுத்துவதைப் பற்றியது. உயிருக்கு ஆபத்தான தாக்குதலைப் பற்றியது என்று நான் வாசிப்பதில்லை. வீட்டில் அடிபடும் பெண்ணிடம் இந்த வசனத்தைக் காட்டி "பொறுத்துக்கொள்" என்று சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லாத காரியம்.

மறு கன்னத்தைக் காட்டுவது அடித்தவனை வெட்கப்படுத்தும் தந்திரம் என்று சிலர் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். அழகான விளக்கம்தான். ஆனால் அவ்வளவு தூரத்துக்கு ஆதாரம் போதாது.

நல்ல சமாரியன் கதையில் ஆசாரியன் தீட்டுக்குப் பயந்துதானே விலகிப் போனான்?

கள்ளர் அடித்துக் குற்றுயிராய் வழியில் போட்டுப்போன ஒருவனைக் கண்டும் விலகிப்போன ஆசாரியனைப் பற்றி எல்லாப் பிரசங்கத்திலும் வருவது இது. ஆசாரியன் பிணத்தைத் தொடக்கூடாது (லேவியராகமம் 21), ஆலயத்தில் பணிசெய்ய முடியாமல் போய்விடும், அதனால் விலகினான் என்பார்கள். ஆனால் லூக்கா 10-ஐ நிதானமாக வாசியுங்கள். அவன் அந்த வழியே "இறங்கி" வருகிறான். எருசலேம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 750 மீட்டர் மேலே. எரிகோ 250 மீட்டர் கீழே. எனவே இறங்குகிறவன் ஆலயத்திலிருந்து வீட்டுப் பக்கம் போகிறான். மேலும், கேட்பாரற்றுக் கிடக்கும் பிணத்தை அடக்கம்பண்ணப் பிரதான ஆசாரியனே தீட்டுப்படலாம் என்பதுதான் மிஷ்னாவின் நிலை. அடுத்து வந்து அப்படியே விலகிப்போன லேவியனுக்கோ (ஆலய உதவியாளன்) அந்தத் தடையே கிடையாது. கதையிலும் தீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யூத மதச் சட்டம் மனிதனைக் கல்நெஞ்சனாக்கியது என்று காட்ட ஆசைப்பட்டவர்களுக்கு இந்த விளக்கம் வசதியாக இருந்தது. அதனால்தான் அது இவ்வளவு நாள் ஓடுகிறது.

கேட்டவர்களுக்கு அதிர்ச்சி வேறு இடத்தில். ஆசாரியன், லேவியன் என்று வரிசை வந்தால் மூன்றாவதாக ஒரு சாதாரண இஸ்ரவேலன் வருவான் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வந்தது சமாரியன். இரண்டு சனத்துக்கும் நடந்தது சின்னச் சண்டை இல்லை. கெரிசீம் மலைமேல் இருந்த சமாரியரின் ஆலயத்தை கி.மு. 110 வாக்கில் யூத ஆட்சியாளர் யோவான் இர்கானு இடித்தார். கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பஸ்கா சமயம் சமாரியர் சிலர் எருசலேம் ஆலயத்துக்குள் மனித எலும்புகளை இறைத்தார்கள் என்று யோசேபஸ் எழுதுகிறார். அது இயேசு சிறுவனாக இருந்த காலம். இவ்வளவு ஏன், லூக்காவிலேயே ஒரு அதிகாரம் முன்னால் போங்கள்: ஒரு சமாரியக் கிராமம் இயேசுவுக்கு இடம் கொடுக்க மறுக்க, "வானத்திலிருந்து அக்கினி இறங்கச் சொல்லட்டுமா" என்று யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் இந்தக் கதை வருகிறது.

யாக்கோபின் கிணற்றுக்கு அந்தச் சமாரியப் பெண் மத்தியானம் வந்தது கெட்ட பெயர் எடுத்தவள் என்பதாலா?

யோவான் 4-ல் அப்படி எழுதவில்லை. பெண்கள் சாயங்காலம் தண்ணீர் எடுப்பார்கள் என்று ஆதியாகமம் 24-ல் இருக்கிறது, சரி. ஆனால் ஆதியாகமம் 29-ல் ராகேல் வருவது பொழுது நன்றாக இருக்கும்போதே. அவளை யாரும் சந்தேகப்பட்டதில்லை. "ஐந்து புருஷர்" என்பதும் நடத்தைக்குச் சான்று ஆகாது. பெண்கள் சின்ன வயதில் மணமுடித்து வைக்கப்பட்டு, சுலபமாக விதவையான காலம். மோசேயின் சட்டப்படி விவாகரத்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறவன் ஆண். அவளுடைய இப்போதைய நிலை ஒழுங்கானதில்லை என்று இயேசு சொல்கிறார், ஆனால் அவளைக் கண்டித்து ஒரு வார்த்தை இல்லை. அவள் பேச்சைக் கேட்டு ஊரே எழுந்து வருகிறது. ஊர் ஒதுக்கிவைத்தவள் சொன்னால் வந்திருக்குமா? எனக்கென்னவோ, யூதத் தலைவனான நிக்கொதேமு இயேசுவிடம் இரவில் வந்ததை முந்தின அதிகாரத்தில் சொல்லிவிட்டு இவளை உச்சிவேளையில் நிறுத்துவது யோவானின் கைவண்ணம் என்றுதான் படுகிறது.

அதே அதிகாரத்தில் யூதர்கள் சமாரியரோடு பாத்திரம் பகிராதது பற்றி வாசிக்கும்போது நம்மூர் டீக்கடை இரட்டைக் குவளை ஞாபகம் வருவதாக வகுப்பில் சொல்வார்கள். அந்த வலியோடு வாசிப்பது நியாயம்தான். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கவேண்டாம்: சமாரியர் தங்களைத் தாழ்ந்தவர்களாக எண்ணவில்லை. தங்கள் மலையும் தங்கள் ஆசாரியத்துவமும்தான் உண்மையானது என்று இன்றுவரை சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கும் அந்தச் சமூகம் இப்போதும் வருஷந்தோறும் கெரிசீமில் பஸ்கா ஆட்டைப் பலியிடுகிறது.

பத்து ராத்தல் உவமையில் ராஜா எதிரிகளை வெட்டச் சொல்கிறாரே, அது இயேசுவா?

லூக்கா 19. ஒரு பிரபு ராஜ்யம் பெற்றுக்கொள்ளத் தூரதேசம் போகிறான். ஊர் ஜனங்கள் பின்னாலேயே ஆள் அனுப்பி "இவன் எங்களை ஆளவேண்டாம்" என்கிறார்கள். அவன் ராஜாவாகத் திரும்பி வந்து அவர்களை வெட்டுகிறான். விசித்திரமான கதை என்று தோன்றும். எரிகோவில் அதைக் கேட்டவர்களுக்கு அது பழைய செய்தி.

கி.மு. 4-ல் மகா ஏரோது செத்ததும் அவன் மகன் அர்கெலாயு அகஸ்து ராயனிடம் பட்டம் வாங்க ரோமுக்குப் போனான். போவதற்கு முன்பே பஸ்காவில் கலகம் செய்தவர்கள் மூவாயிரம் பேரைக் கொன்றிருந்தான். ஐம்பது யூதர்கள் கொண்ட ஒரு தூதுக்குழு ரோமுக்குப் போய் அவனைப் போடவேண்டாம் என்று மன்றாடியது. அகஸ்து அவனுக்குப் பாதி நாட்டைக் கொடுத்தார், ராஜா பட்டத்தைக் கொடுக்கவில்லை. கி.பி. 6-ல் அவனை நீக்கி, இன்றைய பிரான்ஸ் பக்கம் இருந்த கால் (Gaul) தேசத்துக்கு நாடுகடத்தினார். இதெல்லாம் யோசேபஸில் இருக்கிறது. யோசேப்பு குழந்தையோடு யூதேயாவுக்குத் திரும்பப் பயந்ததும் இவனுக்குத்தான் (மத்தேயு 2). எரிகோவில் இருந்த அரண்மனையை ஆடம்பரமாகத் திரும்பக் கட்டியவனும் இவன்தான். இயேசு சகேயுவின் வீட்டில் விருந்து முடித்து, எரிகோவிலிருந்து எருசலேமுக்குப் புறப்படும் கட்டத்தில் இந்த உவமையைச் சொல்கிறார்.

அப்போது அந்த ராஜா யார்? அவன் கொடுங்கோலன், அவன் கொடுத்த ராத்தல் பணத்தை வியாபாரம் பண்ணாமல் துணியில் சுற்றிவைத்த மூன்றாவது ஊழியக்காரன்தான் உண்மையான வீரன் என்று சிலர் தலைகீழாக வாசிக்கிறார்கள். எனக்கு அது முழுதாக ஒட்டவில்லை. தேவனுடைய ராஜ்யம் உடனே வந்துவிடும் என்று ஜனங்கள் நினைத்ததால் இதைச் சொன்னார் என்று லூக்காவே 11-ம் வசனத்தில் காரணம் எழுதிவிட்டார். தாமதம், திரும்பி வருகை, கணக்கு ஒப்புவிப்பு, இவைதான் பொருள். ஆனால் ராஜாவின் குணம் அர்கெலாயுவிடம் இரவல் வாங்கியது. இதற்கு முந்தின அதிகாரத்தில் அநீதியுள்ள நியாயாதிபதியை வைத்து ஜெபத்தைப் பற்றிப் பேசவில்லையா? அதைக் கேட்டு யாரும் கடவுள் லஞ்சம் வாங்குவார் என்று முடிவு கட்டவில்லை.

"ஊசியின் காது" என்பது எருசலேமில் ஒரு குட்டி வாசல், ஒட்டகம் முழங்கால் போட்டு நுழையும் என்று பிரசங்கத்தில் கேட்டேனே?

ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதிலே நுழைவது எளிது என்ற வசனத்துக்கு (மத்தேயு 19) இந்த விளக்கத்தை நானும் பல முறை கேட்டிருக்கிறேன். இரண்டாவது பதிலின் மூன்று கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். அப்படி ஒரு வாசல் அகழாய்வில் கிடைக்கவில்லை, யோசேபஸ் சொல்லவில்லை, மிஷ்னா சொல்லவில்லை. இந்த விளக்கம் தலைகாட்டுவதே இடைக்கால எழுத்துகளில்தான். பாபிலோனிய யூதர்களின் சட்ட விளக்க நூலான தால்மூதில் நடக்காத காரியத்துக்கு "ஊசியின் காதில் யானை நுழைவது" என்ற பேச்சு இருக்கிறது. பலஸ்தீனாவில் பெரிய மிருகம் ஒட்டகம், அவ்வளவுதான் வித்தியாசம். வாசல் கதை உண்மையென்றால், சீஷர்கள் மலைத்துப்போய் "அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும்" என்று கேட்டிருக்க மாட்டார்கள். பணக்காரன் கொஞ்சம் குனிந்தால் போதும் என்று வசனத்தின் பல்லைப் பிடுங்குகிற கதை இது.

பிரதான ஆசாரியன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் செத்துவிட்டால் வெளியே இழுக்க அவன் காலில் கயிறு கட்டுவார்கள், கல்லறையில் துணியை மடித்தது "திரும்பி வருவேன்" என்பதற்கு அடையாளம், இதெல்லாமாவது உண்மையா?

கயிறு: லேவியராகமம் 16-ல் இல்லை, யோசேபஸில் இல்லை. பாவநிவாரண நாளுக்கு ஏழு நாள் முன்பே ஆசாரியனைத் தனியாக வைப்பது, மாற்று ஆளைத் தயாராக வைப்பது, முந்தின ராத்திரி தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது என்று மிஷ்னா ஒன்றுவிடாமல் எழுதுகிறது. கயிறு மட்டும் அதில் இல்லை. அது இடைக்கால யூத நூலில் வருவது.

துணி: வாட்ஸ்அப்பில் ஈஸ்டர்தோறும் வருகிறது. அப்படி ஒரு யூத விருந்து வழக்கத்துக்கு எந்தப் பழைய ஆதாரமும் கிடையாது. பிணத்தைத் திருடுகிறவன் துணியைச் சுருட்டி ஒழுங்காக வைத்துவிட்டுப் போகமாட்டான் என்று பழைய உரையாசிரியர்கள் சொன்னதே போதும்.

படித்தவர்களும் இதில் சறுக்குவதுண்டு. "ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்காதே" என்ற கட்டளை ஒரு கானானியச் சடங்குக்கு எதிரானது என்று உகாரித் பலகை ஒன்றைக் காட்டி வெகுகாலம் எழுதினார்கள். பலகை உடைந்திருந்த இடத்தை யூகித்து வாசித்ததில் வந்த முடிவு அது, பிறகு கைவிடப்பட்டது. பழைய விளக்கவுரைகளில் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள எபிரெயும் கிரேக்கும் படிக்கணுமா?

வேண்டாம். ஒரு வரைபடம், முழு அதிகாரத்தையும் வாசிக்கும் பொறுமை, பழைய மொழிபெயர்ப்போடு 1995-ல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, இவை போதும். மேலே சமாரியன் கதைக்கு நாம் எடுத்த பாதி வெளிச்சம் முந்தின அதிகாரத்திலேயே இருந்தது. களம், தூற்றுக்கூடை, ஏந்திரக்கல் எல்லாம் பட்டணத்து வாசகனைவிட நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடமும் கேளுங்கள்.

"குளிருமல்ல அனலுமல்ல" என்றால், அரைகுறை விசுவாசியைவிட அவிசுவாசியே மேல் என்றா?

வெளிப்படுத்தல் 3, லவோதிக்கேயா சபைக்கு எழுதியது. ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. வடக்கே 10 கிலோமீட்டரில் எராப்போலி, வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போனது. அதன் வெள்ளைச் சுண்ணாம்புப் படிகள் லவோதிக்கேயாவிலிருந்தே தெரியும். இன்னொரு பக்கம் கொலோசே, குளிர்ந்த தண்ணீருக்குப் பேர்போனது. வெந்நீர் உடம்புக்கு ஆகும், குளிர்ந்த நீர் குடிக்க ஆகும். இரண்டும் நல்லது; குளிர் என்பது இங்கே கெட்டதன் அடையாளம் இல்லை. எராப்போலி வெந்நீரைக் குழாயில் கொண்டுவந்தபோது வழியில் வெதுவெதுப்பானது என்று சேர்த்துச் சொல்வார்கள். அது சரியில்லை. லவோதிக்கேயாவின் தண்ணீர் தெற்கேயிருந்து வந்தது. உள்ளே சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்ட கல் குழாய்களை இன்றும் அங்கே பார்க்கலாம்.

எனக்கு இதைவிடப் பலமாகப் படுவது அடுத்த வசனம்: "நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று அந்தச் சபை சொல்கிறதாம். கி.பி. 60-ல் பூகம்பத்தில் இடிந்த லவோதிக்கேயா, ரோமிடம் உதவி வாங்காமல் தன் சொந்தப் பணத்திலேயே எழுந்தது என்று தாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அந்த ஊரின் கறுப்பு ஆட்டுரோமம் பேர்பெற்றது என்று பழைய புவியியல் எழுத்தாளர் ஸ்திராபோ சொல்கிறார். அவர்களிடம்தான் "வெண்வஸ்திரம் வாங்கிக்கொள்" என்கிறது கடிதம்.

பக்கத்து வீட்டில் கொடுக்கிற பிரசாதத்தைச் சாப்பிடலாமா? பவுல் என்ன சொல்கிறார்?

கொரிந்துவில் இதே கேள்விதான் வந்தது, அதனால் பவுல் மூன்று அதிகாரம் எழுதினார் (1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை). கி.மு. 146-ல் ரோமர் அழித்து, கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் திரும்பக் குடியேற்றிய துறைமுக நகரம் அது. பவுல் அங்கே இருந்தது கி.பி. 51 வாக்கில், டெல்பியில் கிடைத்த, ரோம அதிபதி கல்லியோனின் பெயர் உள்ள கல்வெட்டால் இது தெரிகிறது. கோவில் வளாகத்திலேயே விருந்து அறைகள் இருந்தன; மருத்துவத் தெய்வமான அஸ்கிலேப்பியுவின் கோவிலில் தோண்டியபோது அப்படிப்பட்ட அறைகள் கிடைத்தன. கல்யாணம், தொழில் சங்கக் கூட்டம் என்று அழைப்பு வந்தால் மறுப்பது லேசில்லை. பலியிட்ட இறைச்சியில் ஒரு பங்கு கடைக்கும் வரும்.

பவுல் மூன்று நிலைமைகளைப் பிரிக்கிறார். கோவில் பந்தியில் உட்காராதே. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. வேறொருவர் வீட்டில் கூப்பிட்டால் போய்ச் சாப்பிடு. ஆனால் யாராவது "இது படைத்தது" என்று சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே. பக்கத்து வீட்டம்மா டிபன் பாக்ஸில் சர்க்கரைப் பொங்கலோடு வாசலில் நிற்பது மூன்றாவதற்குக் கிட்ட வருகிறது, ஆனால் முழுக்க அதுவும் இல்லை. சபைக்குச் சபை பதில் மாறுகிறது. பவுலிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது, அந்தப் பொங்கலால் யாருடைய விசுவாசம் இடறும் என்று கேட்கும் முறையைத்தான். அந்தம்மாவின் முகம் வாடும்படி கதவைச் சாத்துவதற்கு அவர் எங்கும் வசனம் எழுதி வைக்கவில்லை.

ஜலப்பிரளயக் கதை பாபிலோனிலும் இருக்கிறதாமே, அப்போ பைபிள் காப்பியடித்ததா?

இருக்கிறது. நினிவேயில் கிடைத்த பலகைகளிலிருந்து 1872-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் அதை வாசித்தார். பேழை, தப்பிய மிருகங்கள், வெளியே விட்ட பறவைகள், மலையில் தட்டியது, கடைசியில் பலி, எல்லாம் உண்டு. இதன் இன்னொரு வடிவம் மோசேயின் காலமாகச் சொல்லப்படுவதற்கும் முந்தியது. இதை மறைக்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கல்லூரி முதல் வருஷத்தில் அதிர்ச்சியடைய விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

எல்லோருக்கும் தெரிந்த கதையை ஆதியாகமம் வேறுவிதமாகச் சொல்கிறது என்று வாசியுங்கள். பாபிலோன் கதையில் ஜனங்கள் போடும் சத்தத்தில் என்லில் தெய்வத்துக்குத் தூக்கம் கெடுகிறது, அதனால் வெள்ளம். ஆதியாகமத்தில் பூமி கொடுமையால் நிறைந்ததால் வெள்ளம். அங்கே படையல் இல்லாமல் பசித்த தெய்வங்கள் பலியின் வாசனைக்கு ஈக்களைப்போல் மொய்க்கின்றன. இங்கே கர்த்தர் வாசனையை முகர்கிறார், ஆனால் பசியில்லை. இனிப் பூமியைச் சபிப்பதில்லை என்று சொல்கிறார். ஒற்றுமை தெரியாதவனுக்கு இந்த வேற்றுமைகளும் தெரியாது.

பைபிள் அடிமைத்தனத்தை ஏன் தடுக்கவில்லை? "அந்தக் காலத்து வழக்கம்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறீர்களா?

தப்பிக்கக்கூடாது என்பதால்தான் இதைக் கடைசிப் பக்கம் வைத்தேன். பின்னணி சில காரியங்களைக் காட்டுகிறது. ஓடிப்போன அடிமைக்கு இடம் கொடுத்தவனுக்குப் பாபிலோன் ராஜா ஹம்முராபியின் சட்டம் மரண தண்டனை விதிக்கிறது. உபாகமம் 23 அவனைத் திருப்பி ஒப்படைக்காதே என்கிறது. அடிமையின் கண்ணையோ பல்லையோ எஜமான் கெடுத்தால் அவனை விடுதலையாக்க வேண்டும் (யாத்திராகமம் 21). எபிரெய அடிமைக்கு ஏழாம் வருஷம் விடுதலை. இங்கே மட்டும் நின்றுகொண்டால் நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் கடனுக்காக அடிமையானவனை நான்காம் வருஷமே விடச் சொல்கிறது ஹம்முராபி. அது பைபிளின் கணக்கைவிடக் குறைவு. அந்நிய ஜாதி அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சுதந்தரமாகவே வைத்துக்கொள்ளலாம் என்று லேவியராகமம் 25 சொல்கிறது. அடிபட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்தால் எஜமானுக்குத் தண்டனையில்லை என்று யாத்திராகமம் 21-லேயே இருக்கிறது. அமெரிக்காவில் அடிமை வைத்திருந்தவர்களும் பைபிளைத்தான் பிடித்திருந்தார்கள், எதிர்த்தவர்களும் பைபிளைத்தான் பிடித்திருந்தார்கள். ஒரு சட்டம் எந்தச் சமூகத்தில் எழுந்தது என்று பின்னணி காட்டும். அது நியாயமா என்று அது சொல்லாது. அந்தக் கேள்வியை நாம்தான் கேட்கவேண்டும், எகிப்தில் அடிமையாயிருந்ததை மறவாதே என்று அதே சட்டநூல்கள் சொல்வதையும் வைத்துக்கொண்டு.

முக்காடு வழக்கம் மாறியது என்கிறீர்கள், அப்போ "பெண்கள் சபையில் பேசக்கூடாது" என்பதும் மாறியதா? எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

முதலில் முக்காடு. 1 கொரிந்தியர் 11 பெண்களைப் பற்றி மட்டும் இல்லை. ஆண் தலையை மூடிக்கொண்டு ஜெபிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. அது யாரும் பிரசங்கிக்காத பாதி. ரோம ஆண்கள் பலிசெலுத்தும்போது மேலாடையைத் தலைமேல் இழுத்துக்கொள்வார்கள். கொரிந்துவிலேயே அகஸ்து ராயனின் சிலை ஒன்று அந்தக் கோலத்தில் கிடைத்திருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பெண்ணின் முக்காடோ அவள் மணமானவள், கௌரவமானவள் என்பதற்கு அடையாளம். நம் சபைகளில் முந்தானையைத் தலையில் போடுவது அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிய விரும்பி வந்த பழக்கம். போடுகிறவர்களை நான் குறை சொல்வதில்லை, போடாதவர்களையும்.

பேசக்கூடாது என்பது 14-ம் அதிகாரம், 34, 35 வசனங்கள். சிக்கல் என்னவென்றால், 11-ம் அதிகாரத்திலேயே பெண் சபையில் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் சாதாரணமாக எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார். ஆகவே இடையில் குறுக்குக் கேள்வி கேட்பதைத்தான் தடுக்கிறார் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கொரிந்தியரின் கருத்தைத் திருப்பிச் சொல்லி மறுக்கிறார் என்று இன்னொரு சாரார். சில பழைய கைப்பிரதிகளில் இந்த இரண்டு வசனமும் அதிகாரத்தின் கடைசியில், 40-க்குப் பிறகு இருக்கின்றன. அதனால் ஓரத்தில் எழுதிய குறிப்பு உள்ளே வந்துவிட்டது என்பவர்களும் உண்டு. இல்லை, எல்லாக் காலத்துக்கும் கட்டளைதான் என்று பிடிக்கும் சபைகளும் உண்டு. பின்னணி இங்கே தீர்ப்பு எழுதித் தராது. என் சாய்வு முதல் விளக்கத்தின் பக்கம்.

எதை வைத்துக்கொள்வது என்பதற்குச் சூத்திரம் கேட்கிறவர்களிடம் நான் ரோமர் 16-ஐ வாசிக்கச் சொல்வேன். கொரிந்துவின் துறைமுகமான கெங்கிரேயாவின் சபைக்கு ஊழியக்காரி பெபேயாள். உடன்வேலையாட்களில் பிரிஸ்கில்லாளின் பெயர் புருஷன் பெயருக்கு முன்னால். அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்களாக அன்றோனீக்கும் யூனியாவும். அந்த ரோமர் கடிதத்தைக் கையில் கொண்டுபோனவளே பெபேயாள்தான் என்பது பெரும்பாலானோர் கருத்து. ரோமில் போய் அதைக் கொடுத்தபோது, "இந்த இடத்துக்கு என்ன அர்த்தம்?" என்று யாராவது கேட்டிருந்தால், பதில் சொல்லப் பக்கத்தில் இருந்தது அவள்.